கதவுத் திறப்பு

எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால், வேறொரு நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுப்பது. பாரிஸில் என் மச்சாள் வீடு, லண்டனில் மனைவியின் சித்தப்பா வீடு. போகிற இடமெல்லாம் இடியப்பமும் சொதியும் குறைவில்லாமல் கிடைக்கும். குளியலறை வாசலில் வரிசையும் குறைவில்லாமல் நிற்கும். விடியும் முன்னரே பாயைச் சுருட்டிவிட வேண்டும், வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் நாங்கள் கிடக்கக் கூடாது. போன முறை லண்டனிலிருந்து பலெர்மோவுக்குத் திரும்பி, விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்து நின்றபோது மனைவி சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, இனி நான் ஒருத்தற்றை வீட்டு ஹோலிலையும் படுக்கமாட்டன்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் தொடங்கினேன். எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. பலெர்மோவின் ஒரேத்தோப் பக்கம் வாடகை வீடு. பகல் முழுக்கப் பணக்காரர் இருக்கும் லிபெர்த்தாவில் மற்றவர்களுடைய வீடுகளில் இருப்போம். அவள் இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள், நான் ஒரு முதிய சினியோரைப் பார்த்துக்கொள்கிறேன். கோடையில் சினியோரின் குடும்பம் கடற்கரை வீட்டுக்குப் போகும்போது நானும் கூடப் போய், துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் அறையில் படுப்பேன். அந்த வீட்டுக்கு எதிரே ஒவ்வொரு வருடமும் ஒரு காம்பர் வந்து நிற்கும். கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வானுக்கு இத்தாலியில் அதுதான் பெயர். அதற்குள் ஒரு கிழவனும் கிழவியும். காலையில் கதவைத் திறந்து, சின்ன மேசை ஒன்றைப் போட்டு, கோப்பி குடிப்பார்கள். கடல் பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு கடலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நல்ல முற்றிய பொறாமை.

பழைய காம்பர் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்ததும் நகரின் விளிம்பில், பிரான்காச்சோவில் இருக்கும் கூட்டாளியிடம் போனேன். ஒரு சிறிய கராஜில் மெக்கானிக் வேலை செய்கிறவன். நல்லதை ஒருபோதும் முதலில் சொல்லமாட்டான்.

"இஞ்சை வாங்காதை," என்றான். "கடல்காத்திலை கறள் பிடிச்சுக் கிடக்கும். வடக்கிலை, கூரைக்குக் கீழை நிண்ட வண்டியாப் பாத்து எடு."

"வடக்கெண்டால் எவ்வளவு தூரம் தெரியுமே?"

"உனக்கு ஓட ஆசைதானே? ஓடன்."

அப்படித்தான் இத்தாலியின் வடக்குத் தொங்கலில், உதினேக்குப் பக்கத்தில், ஒரு விதவை அம்மா விற்பதற்கு வைத்திருந்த வண்டியைத் தொலைபேசியில் கண்டுபிடித்தேன். படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த அம்மாவின் திரைச்சீலைப் பூக்கள் கூட எனக்குப் பாடமாகிவிட்டன. விமானத்தில் போவது, பிடித்திருந்தால் வண்டியை என் பேருக்கு மாற்றுவது, தெற்கே முழு நாட்டையும் ஓடி இறங்கி மெசினாவில் கடல் கடந்து வீட்டுக்கு வருவது. இதுதான் திட்டம்.

வேலை முடிந்ததும் பஸ்ஸில் பிரான்காச்சோவுக்குப் போய்ப் பாடம் படித்தேன். பழுது பார்க்க வந்திருந்த ஒரு காம்பரைக் கூட்டாளி எனக்குக் கரும்பலகையாக்கினான். சுவரின் மூலைகளைப் பெருவிரலால் அமத்தச் சொன்னான். "பொதுபொதுவெண்டு உள்ளுக்கை போச்செண்டால் தண்ணி இறங்கியிருக்கு. கதைக்காமல் திரும்பி வந்திடு." அலுமாரிக்குள் தலையை விட்டு மணக்கச் சொன்னான். ரயரில் எந்த வருடம் செய்தது என்று எங்கே அடித்திருக்கும் என்பதைக் காட்டினான். பிறகு கராஜின் நீள வானைத் தந்து, ஒடுங்கிய சந்துக்குள் பின்னுக்கு எடுக்கச் சொன்னான். ஒரு பல்கனியில் காய்ந்துகொண்டிருந்த கம்பளம் வானின் கூரையோடு வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரி சிசிலியன் மொழியில் என் பரம்பரையை விசாரித்தாள். கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான்.

செய்தி மாதா கோயில் வளவுக்குள் போனது ஞாயிறு பூசைக்குப் பிறகு. காம்பர் வாங்கப் போகிறேன் என்றேன். மன்னார்க்காரர் ஒருவர் காதைத் திருப்பினார்.

"காம்ப்போ? என்ன காம்ப்? ஆமிக் காம்போ, அகதிக் காம்போ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பேச்சில் காம்ப் என்றால் அந்த இரண்டும்தான், மூன்றாவது ஒன்று இல்லை. அதற்குப் பிறகு என்னைக் கண்ட இடமெல்லாம் "காம்ப் எப்ப வருது?" என்பதுதான் சுகம் விசாரிப்பு. பகிடி நல்லாயிருந்ததால் அதை நானும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "கோடைக்கு மூண்டு பேரும் காம்பிலைதான்" என்பேன். மகள் மட்டும் ஒவ்வொரு முறையும் திருத்துவாள். இங்கே பிறந்த பிள்ளை, இத்தாலியன் பள்ளிக்கூடம்.

"அப்பா, காம்ப் இல்லை, காம்பர். கடைசியிலை எர்ரே இருக்கு."

அந்த ஒரு எழுத்தைப் பிள்ளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டதையும் கவனிக்கவில்லை.

நாங்கள் வசிக்கும் கட்டடத்துக்கு ஒரு மொட்டைமாடி உண்டு. எல்லோரும் உடுப்புக் காயப் போடுகிற இடம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டாளியிடம் வாங்கி வந்த நீல ஒட்டுநாடாவால் அந்த மாடித் தரையில் வண்டியின் நீள அகலத்தை அப்படியே ஒட்டினேன். உள்ளே கட்டில், மேசை, அடுப்பு என்று பிரித்தேன். மகள் கட்டிலுக்குரிய இடத்தில் நீட்டிப் படுத்துப் பார்த்து, கால் இடிக்காது என்றாள். சந்தோஷத்தில் எனக்கு ஒரே புளுகம். மனைவி ஈர உடுப்பு வாளியோடு படியேறி வந்தாள்.

"வாரும், வாரும்," என்றேன். "காம்புக்குள்ளை வந்து உம்மடை இடத்தைப் பாரும்."

அவள் கோட்டுக்கு வெளியே நின்றாள். காலை எடுத்து வைக்கவில்லை.

"வாசல் எங்கை?"

காட்டினேன்.

"பூட்டு உள்பக்கமோ, வெளிப்பக்கமோ?"

"ரெண்டு பக்கமும்தான்."

"திறப்பு ஆரிட்டை இருக்கும்?"

சாவியை நாங்கள் திறப்பு என்றுதான் சொல்வோம். "என்னட்டைத்தான்," என்றேன். "நான்தானே ஓடுறது."

அவள் வாளியைக் கீழே வைக்காமலே திரும்பி இறங்கிப் போனாள். ஈர உடுப்பு அன்று காயவில்லை.

அவள் முகாமில் இருந்தவள் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த அளவுக்குத் தெரியும். ஊரில் சண்டை முற்றுவதற்கு முன்பே நான் பலெர்மோவுக்கு வந்துவிட்டேன். கலியாணம் பேசி, அவளுக்கு விசா கிடைத்து, அவள் இங்கே வந்தபோது அதெல்லாம் முடிந்த கதையாக இருந்தது. நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. நல்ல மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குசினியில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் இருந்தேன். அவளாகவே தொடங்கினாள், என்னைப் பார்க்காமல்.

"கயிறு கட்டித்தான் பிரிச்சவை. இது ஒரு குடும்பம், அது ஒரு குடும்பம். உங்கடை கோடு மாதிரித்தான். ஒரு எட்டு வைச்சால் மற்ற ஆக்களின்ரை பாய். குளிக்கிறதுக்கும் லைன், ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டாலும் கேட்டிலை நிண்டு கெஞ்சவேணும். அம்மாவுக்கு மூச்சு முட்டின அண்டைக்கும் கேட் திறக்க விடிஞ்சிட்டுது." வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள். "அம்மா அதுக்குப் பிறகு கனகாலம் இருக்கேல்லை. நீங்கள் வாங்குங்கோ. பிள்ளையோடை போட்டு வாங்கோ. நான் வரமாட்டன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும் என்று சொல்வது போல. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பகிடி என்று கிழமைக் கணக்காக அவள் காதுக்குள் ஊற்றியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாடிக்குப் போய் அந்த நாடாவை உரித்தேன். வெயிலில் சூடாகி நன்றாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அவள் இல்லாமல் அந்த வண்டியில் நான் எங்கே போவது? பாயில் படுக்கமாட்டேன் என்று அவள் சொன்னதற்காகத்தானே இவ்வளவும். கூட்டாளியிடம் விட்டுவிடப் போவதாகச் சொன்னேன். அவன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான். பிறகு, "அவவை ஒருக்காக் கேள்," என்றான். கோயில் வளவில் இனிக் காம்ப் என்ற சொல்லைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மன்னார்க்காரர் காரணம் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவரும் எங்கோ இருந்தவர்தான் போலும்.

சில நாட்கள் கழித்து, உடுப்பு மடிக்கும்போது கேட்டேன்.

"விடட்டோ?"

அவள் என் சட்டையின் கைகளை மடித்து முடித்தாள்.

"விடவேண்டாம். வந்து பாக்கிறன். ஆனால் எனக்குத் தனியாத் திரும்பி வர ஒரு ரெயின் ரிக்கற் எடுத்துத் தாங்கோ. எனக்குப் பிடிக்கேல்லை எண்டால் நான் அதிலை வந்திடுவன். நீங்கள் குறை நினைக்கக்கூடாது."

எடுத்தேன். வண்டி பார்க்கப் போகிற அன்று பின்னேரமே உதினேயிலிருந்து புறப்படுகிற ரயில், பலெர்மோ வரைக்கும். அவள் அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மகளைக் கூட்டாளி வீட்டில் விட்டோம். பெட்டிக்குள் நான் கையுறை, டோர்ச், பலெர்மோச் சந்தைத் தேசிக்காய் நான்கு வைத்தேன். நாங்கள் வேதக்காரர், புது வண்டியின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பது எங்கள் வழக்கமில்லை. ஆனாலும் இவ்வளவு தூரம் ஓட வேண்டுமே. அவள் பார்க்காத நேரத்தில் காற்சட்டைக்குள் சுற்றி ஒளித்தேன். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால், அதே காற்சட்டைக்குள் அவள் ஒளித்து வைத்த தீர்த்தப் போத்தல் இருந்தது. ஒருவர் ஒளித்ததை மற்றவர் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த விதவை அம்மா தன் களஞ்சியக் கொட்டிலைத் திறந்து விட்டார். வண்டி படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. நான் மூலைகளை அமத்தினேன், அலுமாரிகளை மணந்தேன், ரயரைக் குனிந்து பார்த்தேன். கூட்டாளி சொன்ன ஒரு குறையும் இல்லை. ஆனால் என் கண் முழுக்க மனைவி மேல்தான். அவள் படியில் ஏறினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம். திறக்கும் சத்தம். திரும்பவும் பூட்டு.

"பூட்டு இறுகிவிட்டதா?" என்று அந்த அம்மா பதறினார்.

"இல்லை, சினியோரா. பார்க்கிறாள்."

பிறகு கதவு திறந்தது. அவள் இறங்கி, எங்களைத் தாண்டி, வளவின் வாசலைத் தாண்டித் தெருவில் நடந்தாள். திருப்பத்தில் மறைந்துவிட்டாள். கைப்பையும் அவளோடு போயிற்று. ரயில் நிலையத்துக்கு வழி கேட்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அந்த அம்மா கோப்பி தரட்டுமா என்று கேட்டார். நான் தெருத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தாள். கையில் ஏதோ ஒரு காட்டுப் பூ.

"ஆரும் மறிக்கேல்லை," என்றாள்.

அந்த அம்மா வளையத்தில் கோத்த இரண்டு திறப்புகளை என்னிடம் நீட்டினார். ஒன்று வண்டியை ஓட்டுவதற்கு, மற்றது பின்னால் ஏறுகிற கதவுக்கு. கதவுக்கு இன்னொன்று இருந்ததாம், கணவர் எங்கே வைத்தாரோ தெரியாதாம், அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் வளையத்தை நகத்தால் விரித்து, கதவுத் திறப்பைக் கழற்றினேன். பேர் மாற்றக் கந்தோருக்குப் போகும் முன்னரே, வண்டி எங்களுடையதா இல்லையா என்று தெரியும் முன்னரே, அதை மனைவியிடம் கொடுத்தேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டைக்குள் இருந்து தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். எங்கள் பெண்கள் அவசரத்துக்கு அதில் ஒரு ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். அந்த ஊக்கைத் திறந்து, திறப்பைக் கோத்து, பூட்டினாள். புறா பொறித்த தாலிக்குப் பக்கத்தில் அது போய்த் தொங்கியது.

"ஓடுற திறப்பு உங்களிட்டை இருக்கட்டும்," என்றாள். "வாங்கோ, கந்தோர் பூட்டப் போறாங்கள்."

பொலோஞ்ஞாவைத் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தியபோது வெயில் சாய்ந்திருந்தது. அவளுடைய ரயில் எப்போதோ புறப்பட்டிருக்கும். அவள் பின்னால் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கிறேன் என்றாள். நான் இறங்கி இராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனேன். திரும்பி வந்து கதவை இழுத்தால், பூட்டியிருந்தது.

தட்டினேன்.

"ஆர்?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"நான்தான்."

"ஆர் நான்?" குரலில் சிரிப்பு இருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு.

"நான்தானப்பா. உள்ளுக்கை வரலாமோ?"

"கொஞ்சம் நில்லுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்."

பாணைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் திறக்கும்வரை வெளியே நின்றேன்.