அப்பா பேருக்கு வந்த கவர்

கடிதப் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் மூடி அக்கா. அன்று ஞாயிற்றுக்கிழமை. தபால் வராத நாள் என்பது அவருக்கும் தெரியும். "நேத்து வந்தது மேல ஒட்டிக்கிட்டு நின்னுருந்தா?" என்று தகரத்தின் உட்கூரையைத் தட்டிப் பார்த்தார். கையில் அகப்பட்டது சோபாக் கடை விளம்பரம். அதையும் தலைகீழாகப் பிடித்து நாலு தடவை உதறினார். "இதுக்குள்ள செருகிட்டுப் போயிருந்தா?"

விமான நிலையத்தை ஒட்டிய பெரிய சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. பயணிகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகள் ஓடும் பட்டையில் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் மூடியை வைத்து அழுத்தி அனுப்ப வேண்டும். குளிரூட்டிய அறை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஸ்வெட்டர், தலையில் வலை, கையில் உறை. அங்கே வேலை செய்யும் நம்மவர்கள் வைத்த பெயர்தான் மூடி அக்கா. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "வாய மூடுன்னு யாரும் சொல்லலை இல்ல? அது வரைக்கும் சந்தோசம்" என்பார். அடுத்த மூச்சிலேயே, "நான் மூடி போட்ட சோறு தினம் எத்தனை கடல் தாண்டுது பாரு. நான் மட்டும் தரையிலயே நிக்கிறேன்" என்பார்.

நான் அவருக்கு மேல் மாடி. அவருடைய நடை எனக்கு அத்துப்படி. போனில் பேசினால் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டேதான் பேசுவார். தேநீரை ஜன்னலில் ஒரு வாய், அடுப்படியில் ஒரு வாய், வாசலில் ஒரு வாய் என்று முடிப்பார். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார். "சும்மா இருந்தா கை ஊறுதுடி" என்று ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, கேட்காமலேயே என் அலமாரியையும் ஒழுங்குபண்ணிவிட்டுப் போனார். என் சீப்பு எங்கே போனதென்று மூன்று நாள் தேடினேன்.

கணவரையும் மகளையும் விட்டுவிட்டு முதலில் தனியாக வந்தவர் அவர். "நான் போய் இடம் பிடிக்கிறேன், பின்னால வாங்க" என்று பேருந்தில் துண்டு போடுகிறவரைப் போலச் சொல்லிவிட்டு வந்தாராம். இடம் பிடிக்கவே நாலு வருஷம் ஆகிவிட்டது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை கைக்கு வந்தால்தான் குடும்பத்தை அழைக்க விண்ணப்பிக்கலாம். கணவருக்கு அவசரமில்லை, எப்போது வேண்டுமானாலும் வரலாம். மகளுக்குத்தான் கெடு. பதினெட்டு வயது நிறைந்துவிட்டால் அவள் தாயின் விண்ணப்பத்தில் சேர மாட்டாள். தனி ஆளாக, தனி வரிசையில், வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பிறந்தநாள் இருபத்தேழாம் தேதி.

அட்டையை அனுப்பிவிட்டோம் என்று போனில் செய்தி வந்தது எட்டாம் தேதி. அக்கா அன்றிலிருந்து ஒழுங்காகத் தூங்கியதாகத் தெரியவில்லை. பதினெட்டு, பத்தொன்பது என்று தேதிகள் ஓடின. இருபதாம் தேதி போனில் கூப்பிட்ட மகள், "அம்மா, வராட்டி பரவாயில்லைம்மா, நான் இங்கயே காலேஜ் சேர்ந்துக்கிறேன்" என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "பரவாயில்லைன்னு சொல்றாடி. அவளுக்குப் பரவாயில்லாமப் போயிடுமோன்னுதான் பயமா இருக்கு."

இருபத்திரண்டாம் தேதி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலையிலிருந்தே கட்டட வாசலில் நின்றார். துணைக்கு என்னையும் நிறுத்திக்கொண்டார். இந்த ஊர் மொழி அவருக்குப் புரியும். பதற்றத்தில் வாயில் வராது. பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தார். பழையவர் ஓய்வு பெற்றுப் போக, இந்த மாதம்தான் வந்த புது ஆள். அக்கா அவரைத் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார்; அவரும் திரும்பிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னேன். பெட்டி மேல் ஒட்டியிருந்த அக்காவின் பெயரைப் படித்து, இந்தப் பெயருக்கு எதுவும் வரவில்லை என்றார். பிறகு நெற்றியைச் சொறிந்தார். அரசாங்க உறை ஒன்று வந்தது, ஆனால் அது வேறு யாரோ ஓர் ஆளுக்கு. அந்தப் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லாததால் திருப்பி ஒப்படைத்துவிட்டேன் என்றார். என்ன பெயர் என்று கேட்டேன். தட்டுத்தடுமாறி, எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, அது எங்கப்பாடி! அவரு செத்து இருபது வருசமாச்சு, அவருக்கு எதுக்கு கார்டு அனுப்புறாங்க?"

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறார்கள். உறையின் மேல் அது முழுசாக வந்துவிட்டது. அக்காவின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஓரத்துக்குப் போய்விட்டது. "ஊர்ல அவரு எனக்கு இனிஷியல். இங்க நான் அவருக்கு இனிஷியல்" என்றார் அக்கா. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆள் சேராத தபால்கள் கிடங்கில் பத்து நாள்தான் இருக்குமாம். பிறகு மூட்டை கட்டி, அனுப்பிய இடத்துக்கே ஏற்றிவிடுவார்களாம். அன்று பத்தாவது நாள்.

வீட்டுச் செருப்போடு பஸ் ஏறினோம். சிக்னலில் பஸ் நின்றது. "நடந்தா சீக்கிரம் போயிடலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சிக்னல் விழுந்தது, பஸ் எங்களைத் தாண்டிப் போனது. "அவனுக்கு என்ன அவசரம்?" என்று பஸ்ஸைத் திட்டிக்கொண்டே ஓடினார். நான் மூச்சு வாங்கியபடி பின்னால் ஓடினேன்.

கிடங்கின் கவுண்டரில் இருந்தவர் வழுக்கைத் தலை, நிதானமான ஆள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாக அப்பா பெயரைச் சொல்லி "திருமதி" சேர்த்து அக்காவை அழைத்தார். பிறகு பின்னால் கையைக் காட்டினார். மூட்டைகள் கட்டி முத்திரை வைத்தாகிவிட்டது. மாலை வண்டிக்குப் போகிறது. இனி அனுப்பிய அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

அங்கே கேட்டுப் பதில் வர ஆறு வாரம். அக்காவுக்கு இருப்பதோ ஐந்து நாள். நான் மகளைப் பற்றி, பிறந்தநாளைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கதையெல்லாம் வேணாம். மூட்டையப் பிரிங்க, நானே திரும்பக் கட்டித் தர்றேன்னு சொல்லு. கட்டுறது, மூடுறது எல்லாம் எனக்குத் தொழில்னு சொல்லு."

அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்வெட்டர், வீட்டுச் செருப்பு, கவுண்டர் பலகையில் தாளம் போடும் விரல்கள். உள்ளே போய் மேலதிகாரியிடம் ஏதோ பேசினார். திரும்பி வரும்போது கையில் கத்தரிக்கோல் இருந்தது.

மூன்றாவது மூட்டையில் இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் அக்காவின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அப்பா பெயரை முழுசாக எழுதினார். "அவரு பேர இவ்வளவு நீளமா எழுதுனதே இல்லடி" என்றார். சொன்னபடியே மூட்டையைக் கட்டிக் கொடுக்கவும் கையை நீட்டினார். அந்த மனிதர் சிரித்தபடி வேண்டாமென்று தலையாட்டினார்.

அன்று மாலை என் மேஜையில் விண்ணப்பத்தை நிரப்பினோம். நான் எழுத எழுத, அவர் என் தோளுக்குப் பின்னால் நடந்தபடி ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். போனில் மகளைப் பிடித்து, "குடும்பப் பெயர்னு கேட்டா உங்கப்பா பேருதான், தெரிஞ்சுக்கோ" என்றார். "தெரியும்மா" என்று அந்தப் பக்கம் அலுத்துக்கொண்டது. கொஞ்சம் கழித்து, "அங்க ரொம்பக் குளிருமாம்மா?" என்று அதே குரல் கேட்டது. அக்கா அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, ஒரே இடத்தில் நின்றார்.

மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம். முத்திரை விழும் தேதிதான் கணக்கு. கவுண்டரில் இருந்த பெண் உறையின் மேல் இருபத்திமூன்று என்று பளிச்சென்று குத்தி, ரசீதைக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், இனிக் கவலை இல்லை, நாள் தாண்டவில்லை, மகள் பெயர் சேர்ந்துவிடும் என்று சொன்னார். உறையைத் தன் பின்னால் இருந்த கூடையில் போட்டார். அக்கா நன்றி சொன்னார், கும்பிட்டார், நகர்ந்தார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் வரவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, இன்னும் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ போ" என்றார், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது வண்டியில ஏறட்டும். சும்மா நின்னா வெளிய போகச் சொல்லுவாங்க இல்ல?"

அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அக்கா விலகி, அவரை முன்னால் போகச் சொன்னார்.