கோமதிசங்கரின் ஆடிச்சுற்று

ஆடி மாதம் கோயிலில் கொடி ஏறிவிட்டால் சங்கரன்கோவில்காரர்களுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதியம்மனுக்குக் கால் வலிக்குமாம். நாம் பிரகாரத்தைச் சுற்றச் சுற்ற அந்த வலி நம் காலுக்கு இறங்கி அம்மனுக்குக் குறையுமாம். அதற்குப் பெயர்தான் ஆடிச்சுற்று. மூட்டு தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று டாக்டரிடம் அழுதவர்களெல்லாம் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கிற வேகத்தைப் பார்த்தால் அந்த டாக்டருக்கே மூட்டு வலி வந்துவிடும்.

நிர்மலாதேவி இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் வாக்கப்பட்டவள். கீழத்தெருவில் வீட்டோடு தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு வருஷம் தவறாமல் சுற்றியவள்தான். மகன் பிறந்தபிறகு ஒரு வருஷமும் முடியவில்லை. இந்த வருஷம் எப்படியும் சுற்றிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். நூற்றியெட்டுச் சுற்று. அதுவும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்த நினைப்பிலேயே ஒரு வாரமாக அவள் தைத்த ரவிக்கைகளில் கொக்கி இடம் மாறி உட்கார்ந்தது.

மகன் பெயர் கோமதிசங்கர். ஆறு வயது. மூன்று வயதில் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா அவனை அரைமணி நேரம் விளையாடவிட்டுப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது நிர்மலா அழுத அழுகை அவளுக்கும் ஜன்னல் கம்பிக்கும்தான் தெரியும். அதற்குப் பிறகு அழ நேரம் கிடைக்கவில்லை. அவனை வளர்க்கவே நேரம் சரியாக இருந்தது.

அவனுக்கு இட்லி வட்டமாக, விள்ளாமல் முழுசாக வேண்டும். ஓரம் பிய்ந்த இட்லியை அவன் இட்லியாகவே மதிப்பதில்லை. தையல் மெஷினின் சக்கரம் சுற்றினால் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பான். நூல் அறுந்து மெஷின் நின்றால் அம்மாவை முறைப்பான். அப்பா பாண்டியராஜன் புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சை ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். மகனுக்கென்று பை நிறையப் பழம் கொண்டுவருவான். அவற்றை வாசலிலிருந்து அடுப்படி வரை ஒரே வரிசையில் வைப்பது கோமதிசங்கரின் சாயங்கால வேலை. அந்த வரிசையைத் தாண்டித் தாண்டித்தான் நிர்மலா உலை வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பெரிய காரியம் சுற்றுவது. வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைச் சுற்ற ஆரம்பிப்பான். அவன் நடந்து நடந்து மரத்தைச் சுற்றிப் பள்ளமே விழுந்துவிட்டது. யாராவது குறுக்கே நின்றால் விலகிப் போகமாட்டான். அவர்கள் நகரும்வரை நின்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். மழை கொட்டினாலும், முறுக்கைக் காட்டிக் கூப்பிட்டாலும், தொடங்கின சுற்றை முடிக்காமல் அவன் வெளியே வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நிர்மலாவும் ஆரம்பத்தில் அவனைத் தடுத்துப் பார்த்தாள். பயிற்சிக்கு அழைத்துப் போகும் இடத்தில் பெர்லின் டீச்சர்தான் சொன்னாள்: "ஏம்மா அவன நிறுத்துதீய? நீங்களும் கூடச் சேந்து சுத்துங்க. அவன் இருக்குத இடத்துக்கு நாமதான் போகணும்." அன்றிலிருந்து தாயும் பிள்ளையுமாக முருங்கை மரத்தைச் சுற்றினார்கள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். உள்ளங்கையைத் தொட்டால் அவனுக்குக் கூசும். மணிக்கட்டு என்றால் சம்மதம்.

அவன் இன்னும் அம்மா என்று சொன்னதில்லை. அதைப் பற்றி நிர்மலாவுக்குக் குறையில்லை, வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள். நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. பள்ளிக்கூட மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் அம்மாவைப் பார்த்து விழுந்தடித்து ஓடிவருகின்றன. இவன் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள்தான் போய்க் கூட்டிவர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒரு நாளாவது அவனாக அவளைத் தேடி வந்ததில்லை. போன தையில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரி ஒருத்தி, "அவனுக்குப் பெத்தவளும் ஒண்ணுதான், உக்காந்திருக்க பெஞ்சும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த சாம்பார் வாளியை அவள் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று நிர்மலாவுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்கும் கூடவே வந்தது. ஒருவேளை அது நிஜமாக இருந்துவிட்டால்?

அதற்குத்தான் இந்த நேர்த்திக்கடன். பேச்சு வேண்டும், படிப்பு வேண்டும் என்றெல்லாம் அவள் அம்மனிடம் பட்டியல் நீட்டவில்லை. 'ஒரே ஒரு தடவ எம்புள்ள அவனா என்னத் தேடி வரணும்.' அவ்வளவுதான்.

"கூட்டத்தக் கண்டாக் காதப் பொத்திட்டு அலறுவானே, எப்படிக் கூட்டிட்டுப் போவ?" என்று பாண்டியராஜன் கேட்டான்.

"ஊரே வட்டமா நடக்குது. நம்ம புள்ளைக்கு அத விட்டா வேற நல்ல இடம் எங்கன இருக்கு? நீங்க அந்தக் காது மூடுத சாமான மட்டும் வாங்கிட்டு வாங்க."

அவன் பச்சை நிறத்தில் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கிவந்தான். அதில் பாட்டு வராது. சத்தத்தை அடைக்கிற வகை. அதை மாட்டிவிட்டதும் கோமதிசங்கர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு முருங்கை மரத்துக்குக் கிளம்பிவிட்டான். நிர்மலாவுக்கு அப்போதே பாதி ஜெயித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பேச்சித்தாய்க்கு ஐம்பது வயது. அவள் ரகசியம் பேசினாலே தேரடி வரை கேட்கும். பாண்டியராஜன் லோடு இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான்.

பிரகாரத்தில் ஆறு மாதிரி ஜனம் போய்க்கொண்டிருந்தது. கோமதிசங்கர் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தான். இப்போது கத்தப் போகிறான், இதோ கத்தப் போகிறான் என்று நிர்மலா காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதைப் பார்த்தான். வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. கிக்கிக் என்று ஒரு சிரிப்பு. அடுத்த நொடி அவளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

என்ன நடை, என்ன நடை! ஒரு கையால் மதிலைத் தடவிக்கொண்டு, மறு மணிக்கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குதிகால் தரையில் படாமல் துள்ளித் துள்ளிப் போனான். யாரும் அவனை உற்றுப் பார்க்கவில்லை. யாரும் "ஏன் இப்படிச் சுத்துதான்?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களே சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்த குருவிகுளத்து விவசாயி ஒருவர், மூச்சிரைக்க, "பிள்ள என்னமாச் சுத்துதான் தாயி! சலிக்கவே மாட்டேங்கானே. நல்லா வளத்திருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லா வளத்திருக்க! ஆறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. நிர்மலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

சுற்றுக்கணக்கு பிசகாமல் இருக்க அவள் மடியில் புளியங்கொட்டை கட்டியிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை எடுத்துச் சுருக்குப்பையில் போடுவாள். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்கள். நூற்றியெட்டில் பாதி முடிந்திருக்கும். மேற்குப் பிரகாரத்தில் போகும்போது பின்னாலிருந்து காலேஜ் பையன்கள் கூட்டமொன்று ஓட்டமாக வந்து இடித்தது. மடி அவிழ்ந்தது, பையும் கவிழ்ந்தது. சுற்றினது, சுற்ற வேண்டியது என்று அத்தனை புளியங்கொட்டையும் ஒன்றாகக் கலந்து தரையில் உருண்டன.

"ஐயோ, கணக்கு போச்சே!" என்று நிர்மலா குனிந்தாள். குனிந்தவள் இரண்டு கையாலும் பொறுக்கினாள்.

இரண்டு கையாலும். யாருக்காகச் சுற்றுகிறாளோ அவனை விட்டுவிட்டு, சுற்றின கணக்கைப் பொறுக்கினாள். நேர்த்திக்காரப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? நிமிர்ந்து பார்த்தால் கால்களும் சேலைகளும் வேட்டிகளும்தான் போய்க்கொண்டிருந்தன. பிள்ளையைக் காணோம்.

"சங்கரு!" என்று அலறினாள். கூப்பிட்டுத் திரும்புகிற பிள்ளையா அவன்? அதுவும் காதை அடைத்துக்கொண்டு!

பேச்சித்தாய் போட்ட கூச்சலில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சிலர் நாகசுனைக் குளத்துப் பக்கம் ஓடினார்கள், சிலர் கோபுர வாசலுக்கு. வாசலைத் தாண்டினால் ரதவீதி, பஸ், ஆட்டோ, திருவிழாக் கடைகள். மைக்கில் அறிவித்தார்கள்: "கோமதிசங்கர், வயது ஆறு, மஞ்சள் சட்டை." இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோமதிசங்கர் தலையில்தான் விழும். சற்று நேரத்தில் மூன்று கோமதிசங்கர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஒருவனுக்கு மீசையே முளைத்திருந்தது. வேறு நேரமாக இருந்தால் நிர்மலா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினாள். இடிபட்டாள், திட்டு வாங்கினாள். பாண்டியராஜனுக்குப் போன் போட்டு, "புள்ளையக் காணும்ங்க" என்று மட்டும் சொன்னாள்.

"வாட்டி, வெளிய ஓடுவோம். தேரடிப் பக்கம் போயிருந்தா என்ன செய்ய?" என்று பேச்சித்தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு எட்டு வைத்தவள் சட்டென்று நின்றாள். முருங்கை மரத்தடிப் பள்ளம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. மழை கொட்டினாலும் வராதவன். முறுக்குக்கும் வராதவன்.

"யக்கா, அவன் வெளிய போகமாட்டான். தொடங்குன சுத்த முடிக்காம எங்கயும் போகமாட்டான். சுத்திட்டேதான் இருப்பான். நாம ஓட ஓட அவனும் நமக்கு முன்னால ஓடுவான். நான் இங்கனயே நிக்கேன்."

"பைத்தியமாட்டி ஒனக்கு? புள்ளையத் தொலைச்சிட்டு நிக்கேங்கியே!"

"எனக்குத் தெரியும்க்கா."

பையன்கள் இடித்த இடத்துக்கே போனாள். புளியங்கொட்டைகள் இன்னும் அங்கே மிதிபட்டுக் கிடந்தன. அதன்மேல் நின்றாள். ஊரே சுற்றிக்கொண்டிருக்க அவள் மட்டும் அசையவில்லை. போகிறவர்கள், "பெத்தவ நிக்குத நிலயப் பாரு" என்று பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. விழட்டும். அவன் வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. இந்த உலகத்தில் அவனைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் யார்? அவள் பயம் வேறொன்று. மதிலைத் தடவிக்கொண்டு வருவான், அவளைத் தாண்டி அப்படியே போய்விடுவான். அவள் பாய்ந்து பிடிப்பாள், பிடித்துவிடலாம். ஆனால் அந்தக் கல்யாண வீட்டுக்காரி சொன்னது நிஜம் என்று தெரிந்துவிடுமே.

கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவில் ஒரு பச்சை தெரிந்தது. ஹெட்போன்! அப்புறம் மஞ்சள் சட்டை. மதிலில் ஒரு கை. முகமெல்லாம் சிரிப்பு. தொலைந்துபோன பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊர்வலத்துக்கே தலைவன்போல வந்தான். "ஏலே! அங்கன வாரான்! வாரான்ட்டி!" என்று பேச்சித்தாய் பாயப் போனாள். நிர்மலா அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதீய. கூப்பிடாதீய."

அவன் வந்தான். பக்கத்தில் வந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. தாண்டினான். ஒரு எட்டு, இரண்டு எட்டு. நிர்மலாவுக்கு உயிரே போய்விட்டது.

நின்றான்.

கொடிமரம் இன்னும் வரவில்லை. சுற்று முடியவில்லை. மழைக்கும் முறுக்குக்கும் நிற்காதவன், பாதிச் சுற்றில், மேற்குப் பிரகாரத்தின் நடுவில் நின்றான். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு விலகினார்கள். அவன் மதிலிலிருந்து கையை எடுத்தான். திரும்பி இரண்டு எட்டு வந்தான். அவள் சேலையைப் பார்த்தபடியே, மறு கையின் மணிக்கட்டை அவளுக்கு நேராக நீட்டினான். பிடிக்கிறாளா என்று காத்திருந்தான். அவள் கை வரத் தாமதமானதும், "ம்" என்று அதட்டிக் கையை உலுக்கினான்.

நிர்மலா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு, பிரகாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பேச்சித்தாயும் மூக்கைச் சிந்தி, யார் என்று பாராமல் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. பாண்டியராஜன். வண்டிச் சத்தத்துக்கு மேல் அவன் கத்தினான்.

"கெடச்சுட்டானா?" என்றவன், அவள் "ம்" என்றதும், "எங்கன இருந்தான்? யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டான்.

"யாரும் அவனக் கண்டுபிடிக்கலங்க. அவன்தான் என்னக் கண்டுபிடிச்சான். அவனா நின்னான், அவனாத் திரும்பி வந்தான்! கேட்டீயளா? உங்க மகன் என்னத் தேடி வந்தான்!"

பாண்டியராஜன் ஆரனை ஓங்கி அழுத்திக்கொண்டே, "இந்தா வந்துட்டேன். அங்கனயே நில்லு" என்றான்.

"நிக்க முடியாதுங்க" என்றாள் நிர்மலா. கோமதிசங்கர் அதற்குள் அவளை இழுக்கத் தொடங்கியிருந்தான். "இவன் சுத்த முடிக்கணும்லா. வந்து நீங்களும் சேந்துக்கோங்க."

புளியங்கொட்டைகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.