தவநாயகி சொன்ன ‘ஓம்’

விசாவுக்காக எத்தனையோ நாள் கால்கடுக்க நின்ற குரோய்டன் குடிவரவுக் கட்டடத்தைக் கடந்துதான் தவநாயகி வேலைக்குப் போவாள். யாழ்ப்பாணத்தில் சயன்ஸ் ரீச்சர். 1987இல் இங்கே லண்டனில், பழைய மினி கொம்பியூட்டர்கள் திருத்தும் பட்டறையில் ஒரு மேசை. அலுமாரி அளவு இயந்திரங்கள் அவை. அவற்றின் மூளையான புரொசஸரும், அதன் சொல்லை டிஸ்க்குக்கும் பிரிண்டருக்கும் கொண்டுபோகும் கொன்ட்ரோலர் போர்ட்டுகள் என்ற மின்பலகைகளும் அவள் கைக்கு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை, வாரம் முழுக்க அவளை அழவைத்த ஒரு டிஸ்க் கொன்ட்ரோலர் உயிர்பெற்றது. அச்சகம் ஒன்று அதற்காகக் காத்திருந்தது. பக்கத்து மேசைப் பத்மநாதன் மின்தடை அளக்கும் மீற்றரும் கையுமாக எட்டிப்பார்த்தார்.

“என்ன தங்கச்சி, போர்ட் வேலை செய்யுதோ?”

“ஓம் அண்ணை! ஓம், ஓம்!”

மனம் குளிர வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை முதலாளி ஹாரிஸ் அவளையும் பத்மநாதனையும் கூப்பிட்டார். போர்ட் அச்சகத்துக்குப் போகவேயில்லை. மேற்பார்வையாளன் கீத் அதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கழிவுத் தொட்டியில் எறிந்திருந்தான்.

“மீற்றரைப் பார்த்து ‘ஓம், ஓம்’ என்று இவள்தானே கத்தினாள்? மின்தடையை ஓமில்தானே அளக்கிறோம்? மின்தடையில் பிழை என்கிறாள் என்று நினைத்தேன்” என்றான் கீத்.

“போர்ட்டைப் பாழாக்கியது நீ என்றால் நாளைக்கு வரவேண்டாம்” என்றார் ஹாரிஸ் தவநாயகியிடம்.

தவநாயகிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “எங்கள் மொழியில் ஓம் என்றால் யெஸ்!”

“இதை இப்போதுதான் இட்டுக்கட்டினாயா?” கீத் சிரித்தான்.

அவள் பத்மநாதனைப் பார்த்தாள். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அவருடைய விசா இன்னும் அந்தக் கட்டடத்துக்குள் கிடந்தது. அதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

“அண்ணை, வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே? சொல்லுங்கோவன்!”

“பத்மநாதன், போர்ட் நன்றாக இருந்ததா?” ஹாரிஸ் அதட்டினார்.

பயத்தில் அவருடைய இங்கிலீஷ் முழுவதும் பறந்துபோனது.

“ஓம்.”

“என்ன?”

“ஓம் சேர்... ஐயோ, யெஸ் சேர்! யெஸ்!”

ஹாரிஸின் பார்வை மெல்லக் கீத் பக்கம் திரும்பியது. கீத் அசடு வழியச் சிரித்தான். “நல்ல பகிடிதான். தவா, ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து எடுத்துவா.”

பகிடியா? அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளின் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டு, அதைப் பகிடி என்கிறானா!

“எறிந்தது நீ. நீயே போய் எடு. என் மேசையில் கொண்டுவந்து வைத்து மன்னிப்புக் கேள். என் பெயர் தவா இல்லை, தவநாயகி!”

ஹாரிஸ் கீத்தைப் பார்த்து, தொட்டிக்குப் போகும் கதவைக் காட்டினார்.

சட்டைக்கையில் கறுப்பு எண்ணெயோடு கீத் திரும்பிவந்தான். “சொறி, தவநாயகி” என்று முணுமுணுத்தான். அவள் போர்ட்டைத் துடைத்து, சோதனை இயந்திரத்தில் செருகினாள். டிஸ்க் உறுமிச் சுழன்றது.

“வேலை செய்கிறதா?” என்று கேட்டான்.

அவள் அவனுடைய கண்ணை நேராகப் பார்த்தாள்.

“ஓம்.”