சுக்கானுக்குப் பூசாத சிவப்பு

அக்காவின் கணவரான அத்தானின் வள்ளத்துக்கு அடிப்பக்கம் பெயின்ற் அடிப்பது ஆண்டுதோறும் என் வேலை. காங்கேசன்துறைக்குக் கிழக்கே எங்கள் கரையில் தடையில்லாமல் தொழில் நடந்த காலம் அது. பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் கறுப்புப் பெயின்ற்றில் செம்பு உண்டு. அது வெறும் இரும்பில் பட்டால் இரும்பை அரித்துவிடும். அதனால் சுக்கானின் இரும்புக்கு முதலில் சிவப்புப் பிறைமரை அடிப்பூச்சாக இரண்டு தரம் பூசிக் காயவிட வேண்டும்.

அந்த முறை வள்ளம் இறக்க ஐயர் குறித்த நல்ல நேரம் மறுநாள் காலை. சிவப்புக் காய நேரம் போதாது. துருவைக்கூடச் சுரண்டாமல் கறுப்பைப் பூசிவிட்டேன்.

“சுக்கானுக்குச் சிவப்பு அடிச்சனியோ?” என்று அத்தான் கேட்டார்.

“ஓம் அத்தான், ரெண்டு தரம்.”

வள்ளம் இறக்கிய எட்டாம் மாதம் நடுக்கடலில் சுக்கான் முறிந்தது. அலை வள்ளத்தைப் புரட்டப் பார்த்தது. பக்கத்தில் வலை இழுத்தவர்கள் கயிறு எறிந்து கட்டியிழுத்து வந்திராவிட்டால் அக்காவின் முகத்தில் நான் விழித்திருக்க முடியாது.

கரையேறிய அத்தான் சொன்னார்: “என்ரை பிழைதான் தம்பி. கல்லிலை எங்கையோ இடிச்சுப்போட்டன் போலை.”

சுக்கானில் மிச்சமிருந்த துண்டைக் கழற்றினேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அவர் காணுமுன் அதைக் கடலில் எறிந்தேன்.

இப்போது யாருடைய வள்ளமானாலும், உடையவர் வந்து சிவப்பைக் கண்ணால் பார்க்கும்வரை கறுப்பு வாளியைத் திறப்பதில்லை. நல்ல நேரம் தவறினால் வேறு நேரம் பார்க்கட்டும்.

நான் இதை எழுதும் இந்தச் சஞ்சிகையை மாதாமாதம் என்னிடம் இரவல் வாங்கி வாசிப்பவர் அத்தான். அத்தான், நீங்கள் எந்தக் கல்லிலும் இடிக்கவில்லை.