தபால்பெட்டியில் மூன்றாவது பெயர்

நடந்ததை நடந்த ஒழுங்கில்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். மணிக்கூட்டைப் பார்த்த நேரங்களில் மட்டும் பிழையில்லை. இது நான் புலம்பெயர்ந்து வாழும் லாங்கன்தாலில், என் வீட்டில், 2023 நவம்பர் 17ஆம் திகதி உண்மையாகவே நடந்தது.

என் மனைவி ரிஷானி ரஷ்யாவில் மருத்துவம் படித்தவள். அந்தப் பட்டம் இங்கே செல்லாது. முதியோர் இல்லத்தில் வேலை. கூடப் படித்த அந்திரேயைப் பற்றி, கட்டின புதிதில் ஒரேயொரு முறை சொன்னாள். யூரல் மலைக்குள் இருக்கும் ஒரு மூடிய நகரம் அவனுடைய ஊர். சுற்றிலும் முள்வேலி. ஒரே வாசல். வெளியாள் போவதென்றால் உள்ளே இருப்பவர் பெயர் பதிந்து, அனுமதி எடுத்து, வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"உமக்கும் பதிஞ்சவனோ?"

"ஓம். நான் போகேல்லை. உங்களைக் கட்ட வந்திட்டன். பிறகென்ன எரிச்சல்?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான்கு வருடம் மனதுக்குள் அந்த வாசலிலேயே நின்றேன்.

அன்று மாலை 4.40. கடும் மூடுபனி. தபால்பெட்டியில் எங்கள் இரண்டு பெயர்களுக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரஷ்ய எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவனுடைய பெயர்தான் என்று நினைத்தேன். உரித்தெடுத்தேன். கோபத்தில்.

4.52. கீழ்வாசல் மணி அடித்தது.

சுவரில் இருந்த வாசல்மணி ரிசீவரை எடுத்தேன். காற்றின் இரைச்சல். தூரத்தில் நாய்கள். எங்கள் தெருவில் அன்று காற்றே இல்லை.

ஓர் ஆண்குரல். "ரிஷானி சண்முகலிங்கம்."

தகப்பனின் பெயரோடு. நான் வருவதற்கு முந்திய பெயர்.

அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு அவ்வளவுதான். கதவு திறக்கும் பொத்தானை அமர்த்தினேன்.

படியில் சப்பாத்துச் சத்தம். சரக்... சரக்... உறைந்த பனியில் நடப்பதுபோல.

வீட்டுக் கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை.

ஒரு குளிர் என்னைத் தாண்டி உள்ளே போனது.

5.20. ரிஷானி வந்தாள். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தாள். தரையைப் பார்த்தாள். பெரிய, ஈரச் சுவடுகள். உள்ளே போனவை மட்டும்.

"ஆர் சப்பாத்தோடை வீட்டுக்குள்ளை வந்தது?"

"உம்மடை ஆள். பேரும் ஒட்டியிருக்கிறான்." தாளை நீட்டினேன்.

வாசித்தாள்.

"இது அவன்ரை பேரில்லை... என்ரை பேர். அண்டைக்கு அந்த வாசலிலை பதிஞ்ச மாதிரி."

பிறகு, மெதுவாக: "கதவை நீங்களோ திறந்தனீங்கள்?"

"ஓம்."

5.31. துடைக்கத் துணி எடுக்கக் குசினிக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட இல்லை.

திரும்பினேன்.

கதவு திறந்து கிடந்தது.

வெளியே போகும் சுவடுகள். பெரிய சப்பாத்து.

பக்கத்தில்... வெறுங்கால்.

அவளோடு படித்த யாதவி பிறகு சொன்னாள். 2019 பெப்ரவரியில், ரிஷானி இங்கே வர விமானம் ஏறிய அன்று, அந்திரேய் அந்த நகர வாசலில் காத்து நின்று விறைத்துச் செத்துப் போனானாம். ரிஷானியைப் பொலிஸ் இன்னும் தேடுகிறது. அவளுடைய சப்பாத்து வாசலில் இருக்கிறது. நான் அதே வீட்டில் இருக்கிறேன். பொத்தானை அமர்த்தியது நான் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.