கைப்பேசிக்குத் தெளித்த தீர்த்தம்

சிந்துபூந்துறை வைத்தி வாத்தியாருக்குத் தெரியாதது என்று இவ்வுலகில் ஒன்றுமில்லை. ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாததைக் கணக்கில் சேர்க்காவிட்டால். மகள் மஹாலக்ஷ்மி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு கைப்பேசி வாங்கிவந்து, “அப்பா, இங்கன தொடுங்கோ,” என்று தொடங்கியபோது, தொடுவதற்கு முன் அக்கருவியின் இலக்கணத்தை முறைப்படி விளக்குமாறு பணித்தார். விளக்கினாள். தலையசைத்தார். அத்தலையசைப்போடு அவர் கல்வி இனிதே நிறைவெய்தியது.

அவர் மனைவி கோமுவின் கல்வியோ சாத்திரத்துக்குப் புறம்பானது. முதலில் தொடுவாள், பிறகு தெருவெல்லாம் கேட்பாள். அவளோடு தோத்திரம் சொல்லும் பெண்கள் வெள்ளிதோறும் காணொளியில் கூடுவர். ஒருநாள் அவள் விரல் தவறிப் படவே, கொடியில் உலர்ந்த துணிகள் அத்தனை பேருக்கும் தரிசனம் தந்தன.

“ஏண்டி கோமு, அம்பாளைக் காட்டச் சொன்னா வாத்தியாரோட வேஷ்டியைக் காட்டறியே!”

எல்லாரும் சிரித்தார்கள், கோமுவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சரிசெய்யக் கற்றாள். இத்தகைய இழிவு வைத்திக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை. எதையும் அழுத்தாதவருக்குப் பிழை எங்கிருந்து வரும்?

சோதனை சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கு வாழும் ஹரீஷின் குடும்பத்துக்கு வைத்தியின் பாட்டனார் காலந்தொட்டு இவ்வீடே புரோகிதம். காணொளியில் வைத்தி மந்திரம் சொல்ல, அங்கே ஹரீஷ் திருப்பிச் சொல்லித் தர்ப்பணம் செய்வது என்பது ஏற்பாடு. போன அமாவாசையன்று வாத்தியாரின் நெற்றி மட்டுமே திரையில் தெரிந்தது. ஹரீஷ் பணிவாகவே எழுதியிருந்தான்: “அப்பா திவசம் மட்டும் தடையில்லாம நடக்கணும் மாமா. இல்லேன்னா இங்கேயே ஒருத்தரைப் பாத்துக்கறேன்.” மூன்று தலைமுறைத் தொடர்பு ஒரு காலைப்பொழுதில் தொங்கியது.

“ஏன்னா, நான் பக்கத்துல இருக்கட்டுமா?” என்றாள் கோமு.

“நீ அடுப்பைப் பாரு.”

திவசத்தன்று விடியலில் தாமிரபரணியில் நீராடி, மடியாக அமர்ந்தார். எதிரே மணையில் கைப்பேசி. திரையில் பவித்திரம் அணிந்த ஹரீஷ். கண்டவர் குரலெல்லாம் நுழைந்து வெளியேறிய அப்பொருளைப் பிதிர்காரியத்தின் நடுவே அப்படியே வைப்பது தகுமா? வைத்தி தர்ப்பையை ஆற்றுநீரில் தோய்த்து, மந்திரபூர்வமாக அதன்மேல் மும்முறை தெளித்தார். தூய்மை பெற்ற திரை, நீர்த்துளிகளை விரல்களென்று எண்ணி, வாத்தியாரின் குரலை அடைத்துவிட்டது.

சங்கல்பம் தொடங்கியது. ஹரீஷ் கையை ஆட்டினான். பக்தி மேலீடு என்று கொண்டார் வைத்தி.

“மாமா, ஒண்ணும் கேக்கலை!”

கேட்காதவனுக்கு உரக்கச் சொல்வதே தீர்வு. வைத்தி குரலை உயர்த்தினார். வண்ணார்பேட்டையில் பேருந்துக்கு நின்றவர்களுக்கும் புண்ணியம் சேர்ந்திருக்கும். சிங்கப்பூருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

“நாழியாறது மாமா. நான் இங்க இருக்கறவரைக் கூப்பிட்டுக்கட்டுமா?”

வைத்தி முதன்முறையாக விரலை நீட்டினார். ஈரத்திரையைத் தொட்டார், ஹரீஷ் தலைகீழானான். மறுபடி தொட்டார், அவர் முகம் அவரையே பார்த்து விழித்தது. பிறப்பு முதல் நாவில் ஏறாத சொற்கள் ஒவ்வொன்றாய் வெளிவந்தன.

“கோமு… இது… எனக்குத் தெரியலைடி.”

கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். “ஏன்னா, என்ன இது, அபிஷேகமா பண்ணினேள்?” முந்தானையால் பையத் துடைத்தாள், இரண்டிடத்தில் தொட்டாள். “ஹரீஷ், கேக்கறதாப்பா?”

“கேக்கறது மாமி! அங்கேயே இருங்கோ, போயிடாதேங்கோ!”

கோமு சுவரோரம் அமர்ந்தாள். சங்கல்பம் முதலிலிருந்து தொடங்கி, பிண்டம் வரை குறைவற நடந்தது. ஹரீஷ் வணங்கி எழுந்தான்.

“அடுத்த அமாவாசைக்கும் நீங்கதான் மாமா. ஆனா…”

அந்த ‘ஆனா’வை வைத்தி முடிக்கவிடவில்லை. மானியமாக ஊரொன்றை எழுதிக்கொடுக்கும் மன்னரின் பெருமிதத்தோடு உரைத்தார்:

“இனிமே மாமி போன்லயே கூப்பிடு ஹரீஷ். நான் மந்திரத்தை மட்டும் பாத்துக்கறேன்.”