நாலாவது கம்பம்

உஷாந்தியை இன்று கேட்டாலும் இதில் ஒரு வார்த்தை கூட்டமாட்டாள், குறைக்கவும் மாட்டாள். நம்புகிறவர்கள் நம்பட்டும் என்பாள்.

1996, நவம்பர் மழை. நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். ஆற்றோரத்து பம்ப் வீட்டில் தண்ணீர் ஏறினால் ஆபீஸ் கணினிக்குச் செய்தி வரவேண்டும். நடுவில் மேடும் பள்ளமும். அதனால் ஐந்து கம்பங்களில் ரேடியோப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஒன்று சொல்வதை அடுத்தது வாங்கி, அதற்கடுத்ததிடம் கொடுக்கும். போன மாதம் செய்தி வழியிலேயே நின்றுபோனது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். எங்கே அறுகிறது என்று பார்க்கத்தான் கிளேபாங்கிலிருந்து ரேடியோ டெக்னீஷியனான அவளை வரவழைத்திருந்தார்கள்.

செய்தி எந்தெந்த ரேடியோ வழியாக வந்தது என்பது கணினியில் தெரியும்; உஷாந்தி கொண்டுவந்த கைரேடியோவும் அதில் பதிவாகியிருந்தது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பவானேஸ்வரி காட்டினாள். ஆற்றோரத்து ஐந்தாவது கம்பம் சொன்னதை நாலாவது வாங்கியிருந்தது. மூன்றாவதிடம் கொடுக்கவில்லை.

லோரி ஓட்டும் மணியம் உஷாந்தியை நாலாவது கம்பத்தடியில் கொண்டுபோய் விட்டார். அவர் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.

பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். படார்! மூடி அவள் விரல்மேல் அறைந்து சாத்திக்கொண்டது. காற்றே இல்லை. ரத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்தாள். பெட்டியின் விளக்கு அணைந்தது. கைரேடியோவில் ஆபீசைக் கூப்பிட்டு, நாலாவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள்.

"இல்ல மிஸ். நாலாவது இன்னும் வருது," என்றாள் பவானேஸ்வரி. "முன்னைவிடப் பலமா வருது."

உஷாந்தி பேட்டரியைப் பார்த்தாள். அது அவள் கையில் இருந்தது.

சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று கைரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். பெட்டிப் பக்கம் நீட்டினாள். முள் அசையவில்லை. மரவரிசைப் பக்கம் திருப்பினாள். ஏறியது...

அப்படியே நின்றாள்.

முள் ஏறிக்கொண்டே இருந்தது.

அவள் நகரவில்லை. அப்படியானால் நகர்வது...

சரக்... சரக்... காய்ந்த மட்டைகளை மிதிக்கும் சத்தம். மரங்களுக்கு நடுவே யாரும் இல்லை.

"ஏறுங்க மிஸ்." மணியத்தின் குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பக்கம் பார்க்காதீங்க லா."

ஓடினாள். ஏறினாள். லோரி பாய்ந்தது.

டம்.

பின்பலகையில்.

டம்... டம்...

பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் சத்தம் நின்றது. முள் மட்டும் இறங்கவில்லை. கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. கைரேடியோவை அணைத்து, அதன் பேட்டரியையும் உருவிப் பையில் போட்டாள். பின்னால் வந்தது என்ன என்று மணியத்திடம் கேட்டாள். அவர் லோரியை இன்னும் வேகமாக ஓட்டினார். ஜாசின் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் லோரியைத் திருப்பினார்.

மறுநாள் காலை பவானேஸ்வரி போன் செய்தாள். எல்லாம் சரியாகிவிட்டதாம். மூன்றாவதும் ஐந்தாவதும் இப்போது நேராகவே பேசிக்கொள்கின்றனவாம். உஷாந்தி பெருமூச்சு விட்டாள்.

"ராத்திரி ஒரே ஒரு தடவ நாலாவது வந்துச்சு மிஸ்," என்றாள் பவானேஸ்வரி. "எந்த வழியா வந்துச்சுன்னு பார்த்தேன். உங்க கைரேடியோ வழியா."

தோட்டத்துக்கும் கிளேபாங்குக்கும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த ரேடியோ மூன்று கிலோமீட்டர்கூடத் தாண்டாது. இரவு முழுவதும் அது அவள் கட்டிலுக்கு அருகில், பேட்டரி இல்லாமல் கிடந்தது.